ஒற்றைக் கொலுசும் அத்தையின் காவிப் புடவையும்

அண்ணாமலை நகர்,
செப்டம்பர் 2, செவ்வாய்.

சேசு மரி சூசை

கிறிஸ்துவுக்குள் மிகுந்த மரியாதைக்குரிய ராஜாமணி மாமாவுக்கு, தங்கை மகள் ரேகா தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் அவரும் இங்கே நலம். உங்கள் மூட்டுவலியும் அத்தையின் இருமலும் ஒன்றுக்கொன்று போட்டி போடாமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கடிதத்தின் தலையில் மூன்று பேர் பெயரையும் எழுதியிருப்பதை இதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு முறை பார்த்திருப்பீர்கள். "தலையில சேசு மரி சூசை போடாம என்னா லெட்டரு, கரண்டு பில்லு மாதிரி" என்று இருபது வருஷமாகக் கேட்டு வருகிறீர்கள். இன்று பணிந்துவிட்டேன். நான் கேட்கப்போகிற உதவி அவ்வளவு பெரியது.

உதவி இதுதான். வரும் எட்டாம் தேதி மாதா பிறந்தநாளன்று பூசை முடிந்ததும் நான் மைக் முன்னால் நின்று 'என் மனமாற்றம்' என்ற தலைப்பில் பத்து நிமிடம் சாட்சி சொல்லுவேன் என்று உங்கள் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறீர்கள். அதைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். ஈரத்துணி போதும். பலகையின் படத்தைச் சார்லஸ் தம்பி எனக்கு அனுப்பியிருந்தார், கூடவே கைகூப்பும் பொம்மைகள் பதினொன்றும். பெயருக்குக் கீழே என் படத்தையும் ஒட்டியிருக்கிறீர்கள். கண் மூடி, முகம் மேலே நிமிர்ந்து, கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரோடு நான் நிற்கிற அந்தப் படத்தின் அடியில் 'கண்ணீரோடு செபிக்கும் நடைப்பயணி' என்று உங்கள் கையெழுத்து. அந்தக் கண்ணீருக்குக் காரணம் ஒரு கிராம்பு, மாமா. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அத்தை கேட்பார், எதிர்வீட்டார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பார்கள், நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் "பாத்தியா, தாழ்ச்சி வந்துடுச்சு, மனமாற்றத்துல அதான் மொத அடையாளம்" என்பீர்கள். கடிதத்தின் நடுவில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. ஆகவே கடிதம்.

எல்லாம் சர்க்கரையில் தொடங்கியது. நாள் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்தே வேலை பார்க்கிற எனக்கு வெறும் வயிற்றில் நூற்று நாற்பத்தெட்டு வந்திருப்பதாகவும், மாத்திரையை ஏற்றுவதற்குமுன் நடந்து பார்க்கும்படியும் ஜூலை மாதம் டாக்டர் சொன்னார். அதை நான் உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் மீன் முள்ளை ஓரமாக வைத்துவிட்டு, "நடக்கத்தான வேணும்? எங்க சார்லஸு குழு வேளாங்கண்ணிக்கி நடக்குது. சிதம்பரம் வரைக்கும் அவுங்களோட நட, அங்க உன் வூட்டாண்ட நின்னுக்க" என்றீர்கள். தெருநாய்த் தொல்லை இருக்காது, கூட ஆட்கள் இருப்பார்கள், சனியும் ஞாயிறும் நடந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம். அறிவுக்குப் பொருந்துகிற யோசனையாகத்தான் பட்டது. காவி மட்டும் வேண்டாம் என்றேன். அதற்கு நீங்கள் மாதாவின் பெயரையோ நேர்த்திக்கடனையோ இழுத்திருந்தால் நான் மறுத்திருப்பேன். "காவி கட்டாம ரோட்டுல போனா லாரிக்காரனுக்கு நீ யாருன்னு எப்புடிம்மா தெரியும்? இது ரோட்டு சேஃப்டி" என்றீர்கள். நான் மாட்டிக்கொண்டேன். அத்தை தன்னுடைய காவிப் புடவையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நமக்குள் ஏற்பட்ட ஒப்பந்தத்தைத் தெளிவாகச் சொல்லுகிறேன்: கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, சர்க்கரைக்காக, சாலைப் பாதுகாப்புக்கான உடையில். மனமாற்றம் என்று அதில் ஒரு ஷரத்தும் இல்லை.

இப்போது அந்தப் புடவையின் வேலையைக் கேளுங்கள். முதுநகர் தாண்டுவதற்குள் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். யாரோ தெரிந்தவர் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. போக்குவரத்துக் காவலர் எனக்காக இரண்டு பஸ்ஸை நிறுத்தினார். எனக்காகப் பஸ் நின்றதே கிடையாது, நிறுத்தத்தில்கூட. செம்மங்குப்பத்தில் ஒரு பெண் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். அவள் எதையோ கீழே போட்டுவிட்டாள் என்று நினைத்து நானும் குனிந்து தேடினேன், இரண்டு தலையும் முட்டிக்கொண்டன, அதையும் அவள் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டாள். இரண்டு எம்.ஏ., ஒரு எம்.ஃபில்., இருபத்து நான்கு வருஷப் பணி இவ்வளவும் வாங்கித் தராத மரியாதையை மாற்றுப் புடவையாக மடித்து வைத்திருந்த ஒரு துணி அரை மணி நேரத்தில் வாங்கித் தந்தது. அதன் பிறகு சாப்பாடு. நடந்து போகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் சாலையோரம் பந்தல் போட்டுக் கொடுக்கிறார்கள், நம்மவர்கள் மட்டுமல்ல, பாதிக்கு மேல் இந்துக்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. "வேணாம்னு சொல்லாதீங்கம்மா, நடக்குறவங்க வேணாம்னுட்டா எங்களுக்கு ஆவாது" என்கிறார்கள். மருத்துவக் காரணத்தை விளக்கலாம் என்று ஒரு இடத்தில் முயன்றேன். அவர்கள் கண் கலங்கிவிட்டது. சாப்பிட்டேன்.

சார்லஸைப் பற்றி நான் அப்போது நினைத்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் அதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. கழுத்தில் உள்ளங்கை அகலச் சிலுவை, கையில் ஒரு செல்ஃபி குச்சி, மினி வேனில் இரண்டு ஸ்பீக்கர். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் "மரியே வாழ்க" என்று மைக்கில் கத்துவார், பதில் குறைவாக வந்தால் "சாப்புட்டது எங்க போச்சு?" என்று அதட்டுவார். ஒவ்வொரு பந்தலிலும் நின்று படம். இருபது வருஷமாக நான் உங்களிடம் வாதாடி வருகிறேனே, உள்ளே இருக்கிற விசுவாசத்தை ஏன் சட்டைக்கு மேல் மாட்ட வேண்டும் என்று, அந்த வாதத்துக்குக் கை கால் முளைத்து முன்னால் நடந்து போவது போல இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாததால்தான் வெளியே இவ்வளவு என்று தீர்ப்பு எழுதிவிட்டு வாய் திறக்காமல் நடந்தேன். வாய் திறக்காததற்கு வேறு காரணமும் உண்டு. இரண்டு குதிகாலிலும் கொப்புளம். ஆலப்பாக்கத்திலிருந்து சிதம்பரத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ் இருக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஆலப்பாக்கத்தில்தான் மாட்டினேன். சாலையோரத்தில் ஒரு வீட்டு முன்னால் சின்னப் பந்தல், ஒரு அண்டா கேசரி, ஒரு டிரம் தண்ணீர். இளவரசி என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், தானே கிண்டித் தானே பரிமாறிக்கொண்டிருந்தாள். நம் ஆட்கள் சாப்பிட்டுவிட்டுக் காகிதத் தட்டுகளை வாய்க்கால் பக்கம் போட்டுவிட்டு மரியே வாழ்க சொல்லிக்கொண்டு நகர்ந்தார்கள். நான் அந்தத் தட்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டேன். இதில் பக்தி எதுவும் இல்லை, நூலகத்தில் வாசகர்கள் மேசையில் விட்டுப்போகிற புத்தகங்களை எடுத்து அடுக்கிப் பழகின கை, சிதறிக் கிடப்பதைப் பார்த்தால் சும்மா இருக்காது. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பொறுக்கினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசித் தட்டைப் போட்டு நிமிர்ந்ததும் இளவரசி வந்து என் கையில் இரண்டாவது தடவை கேசரி வைத்து, "இத மட்டும் வாயில போடுங்கம்மா" என்றாள். போட்டேன். கடித்தேன். உள்ளே ஒரு முழுக் கிராம்பு. கண்ணை மூடி முகத்தை மேலே நிமிர்த்தி மூச்சு விட முயன்ற அந்தக் கணத்தில்தான் சார்லஸின் செல்ஃபி குச்சி எங்கிருந்தோ நீண்டு வந்து படம் எடுத்திருக்கிறது. கண்ணைத் திறந்தபோது அவள் என் முந்தானை நுனியில் எதையோ வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்பொண்ணு கொலுசும்மா. ஜூன் மாசம் டெங்குவுல படுத்துட்டா, பொழைக்குமா பொழைக்காதான்னு ஆயிடுச்சு. எந்திரிச்சு ஓடுனா கொலுசு போடுறேன்னு மாதாவுக்கு வேண்டிக்கிட்டேன். எங்கூட்டுக்காரரு நெய்வேலில காண்ட்ராக்டு, லீவு குடுக்க மாட்டான். மாட்ட வுட்டுட்டு நானும் வர முடியாது. நீங்க கோயில் உண்டியல்ல போட்டுடுங்க. ஒண்ணுதான் போடுறேன். இன்னொண்ணு அவ கால்லயே கெடக்கட்டும், மாதாவும் அவளும் ஜோடி."

அவளுக்குப் பின்னால் நாலு வயதுப் பெண் ஒன்று, இலக்கியா என்று பெயராம், ஒற்றைக் காலில் மட்டும் கொலுசோடு என்னை ஒரு கேள்வித்தாளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் சிதம்பரம் வரைதான் போகிறேன், அங்கே என் வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், கணவர் எல்லாம் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடம் இது. வாய் நிறையக் கேசரி, நடுவில் கிராம்பு. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லி வளர்த்தது உங்கள் தங்கைதான். நான் விழுங்கி முடிப்பதற்குள் அவள் சார்லஸிடம் என் நம்பரைக் கேட்டு வாங்கிவிட்டு, "போட்டுட்டு ஒரு மிஸ்டு கால் குடுங்கம்மா" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இவுங்க ஒரு வார்த்த பேசல பாரு" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னாள். ஊரைத் தாண்டி அரை கிலோமீட்டர் போனபிறகுதான் விழுங்கினேன்.

அன்று சாயங்காலம் புதுச்சத்திரம் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கினோம். நான் ஒரு தூண் பக்கமாக உட்கார்ந்து காலை யாருக்கும் தெரியாமல் புடவைக்குள் மறைத்து வைத்திருந்தேன். ஸ்பீக்கர் அணைந்திருந்தது. சார்லஸ் ஒரு டப்பாவில் ஊசி, நூல், மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொருவர் காலடியிலும் உட்கார்ந்து எழுந்து வந்துகொண்டிருந்தார். ஊசியைச் சுட்டு, நூல் கோத்து, கொப்புளத்தின் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து நூலை உள்ளேயே விட்டுவிடுகிறார். "தண்ணி நூலு வழியா வடிஞ்சிடும், காலைல பாருங்க புதுக் காலு மாதிரி இருக்கும்." நாற்பது பேர், எண்பது கால், அதில் பாதி சேற்றுக் கால். என்னிடம் வந்து "காலக் குடுங்கக்கா" என்றார். வேண்டாம் தம்பி, ஒன்றும் இல்லை என்றேன். "ஒண்ணும் இல்லாதவங்க காலத்தான் மொதல்ல பாக்கணும்" என்று இழுத்துவிட்டார். எலக்ட்ரீஷியன் கை, மாமா, ஊசி போனதே தெரியவில்லை. வெளிச்சம் போதாமல், அந்தச் செல்ஃபி குச்சியின் நுனியில் போன் டார்ச்சை மாட்டி என் கையில் கொடுத்து, "அடுத்தவருக்கும் புடிங்கக்கா" என்றார். மிச்சமிருந்த பதினேழு பேருக்கும் நான் குச்சியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். காலையில் எழுதிய தீர்ப்பை அந்த வெளிச்சத்தில் கிழித்துப் போட்டேன். படம் எடுக்க யாரும் இல்லை, குச்சி என்னிடம் இருந்ததால்.

மறுநாள் வெள்ளாற்றுப் பாலம் தாண்டி ஊருக்குள் வந்ததும், கொலுசை அவிழ்த்து சார்லஸிடம் நீட்டினேன். நான் இங்கே நிற்கிறேன், நீங்கள் போகிறீர்கள், நீங்களே போட்டுவிடுங்கள் என்றேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதெப்படிக்கா? அவுங்க இத்தன பேருல உங்களத்தான பாத்துக் குடுத்தாங்க. வாங்குன கைதான் போடணும், அதான் எங்க வழக்கம்." அது என் கையல்ல, அத்தையின் புடவை என்றேன். "புடவைக்குள்ள நீங்கதானக்கா இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு மைக்கை எடுத்து மரியே வாழ்க என்று கத்திக்கொண்டு சீர்காழிப் பக்கம் போய்விட்டார். வீட்டில் இவர் கதவைத் திறந்து என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்து, "காணிக்கை எல்லாம் போன வாரமே குடுத்தாச்சும்மா" என்று கதவைச் சாத்தப் போனார். இருபத்து மூன்று வருஷக் கல்யாணம்.

கொலுசை நூலகத்தில் என் மேசை இழுப்பறையில் வைத்தேன், தபாலில் அனுப்பிவிடலாம், போகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று. நான் பெரிய விசுவாசி இல்லை, உங்களுக்குத் தெரியும். உள்ளே ஏதோ கொஞ்சம் இருக்கிறது, அதை யாருக்கும் காட்டுவதில்லை, சில சமயம் எனக்கே காட்டுவதில்லை. ஆனால் இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது ஒரு சத்தம் போட்டது. பேசக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிற கூடத்தில் என் மேசை மட்டும் பேசியது. இழுப்பறையைத் திறக்கப் பயந்து, திங்கள் முதல் வியாழன் வரை சட்டைப்பையில் பேனா வைத்திருந்தவர்களிடம் கடன் வாங்கி எழுதினேன். வெள்ளிக்கிழமை, கொடியேற்றத்தன்று, சத்தம் பொறுக்காமல் அதைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சாயங்காலம் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இவர் டிவியில் வேளாங்கண்ணி கொடியேற்றம் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் முழுதாக வைத்து.

"அம்மா, நாந்தான் ஆலப்பாக்கம் இளவரசி. போய்ச் சேந்துட்டீங்களா?"

வாயிலிருந்த சப்பாத்தியை ஒரு பக்கமாக ஒதுக்கினேன்.

"மணிச் சத்தமெல்லாம் கேக்குதே. கோயிலாண்டதான் நிக்குறீங்களா?"

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்துத்தான், மாமா. பொய் சொல்லக் கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் பிரம்போடு நின்று நீங்கள் சொல்லிக் கொடுத்ததை நாற்பத்தெட்டு வயதில் ஒரு எழுத்தால் உடைத்தேன், அதுவும் கையில் சப்பாத்தியோடு. "கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், பாத்து நில்லுங்கம்மா, நாளைக்கிப் போட்டாக்கூடப் போதும்" என்று அவள் எனக்காகக் கவலைப்பட்டுப் போனை வைத்தாள். இவர் டிவியை அணைத்துவிட்டு, "மொத பஸ்ஸு அஞ்சரைக்கு" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை போனேன். என் வழக்கமான நீலக் கைத்தறிப் புடவை, கண்ணாடி, குடை. யாரும் எழுந்து நிற்கவில்லை. சீர்காழி வரை உட்காரவே இடமில்லை. வேளாங்கண்ணியில் வரிசை ஒழுங்கு செய்துகொண்டிருந்த தொண்டர் பையன் ஒருவன் என்னைப் பார்த்து, "நடந்து வந்தவங்க இந்தப் பக்கம். நீங்க பஸ்ஸு தான? அந்தப் பக்கம்" என்று நீண்ட வரிசையைக் காட்டினான். நாற்பத்தைந்து கிலோமீட்டர் நடந்திருக்கிறேன், ஒரு பங்காவது சேருமல்லவா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நாலு மணி நேரம் நின்றேன். அந்த நாலு மணி நேரத்தில் என்ன நினைத்தேன் என்பதை நான் எட்டாம் தேதியும் சொல்ல மாட்டேன், உங்களிடமும் சொல்ல மாட்டேன். காணிக்கைப் பெட்டியில் கொலுசைப் போட்டபோது அது உள்ளே ஒரு தரம் மணியடித்து அடங்கியது. வெளியே வந்து மிஸ்டு கால் கொடுத்தேன். உடனே திரும்பக் கூப்பிட்டாள். போட்டாச்சு என்றேன். அவள் போனைக் கீழே பிடித்தாள் போல. மற்ற கொலுசு கொண்டாட்டமாக ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். வெயிலாக இருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் படம் இல்லை, உங்கள் பலகைக்கு உதவாது.

ஆனாலும் அந்த "ம்" இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆலப்பாக்கம் போனேன். இளவரசிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் "அம்மா" என்று சொல்ல வந்து, நீலப் புடவையைப் பார்த்துவிட்டு, "வாங்கக்கா" என்றாள். உட்காராமலே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நான் நேர்த்திக்கடனுக்காக நடக்கவில்லை, சர்க்கரைக்காக நடந்தேன், சிதம்பரத்தோடு நின்றுவிட்டேன், நீ போன் பண்ணினபோது கோயிலில் இல்லை, சப்பாத்தியில் இருந்தேன், மறுநாள் பஸ்ஸில்தான் போய்ப் போட்டேன், என் மூஞ்சியைப் பார்த்து நீ ஏமாந்துவிட்டாய், அது பக்தி இல்லை, கொப்புளம்.

அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "பஸ்ஸுல போனா என்னாக்கா? மாதா என்னா கண்டக்டரா, டிக்கெட்டு பாக்க?"

"அதுக்கில்ல. நீ என்னை நம்பிக் குடுத்தே."

"நம்பித்தான் குடுத்தேன். ஆனா மூஞ்சப் பாத்துக் குடுத்தேன்னு யாரு சொன்னா? மூஞ்சி நல்லாவா இருந்துச்சு? வெளக்கெண்ண குடிச்சாப்புல இருந்துச்சு. அன்னைக்கி முந்நூறு பேரு தின்னாங்க, தட்டப் பொறுக்குனது நீங்க ஒருத்தருதான். தண்ணி டிரம்ம மூடி வச்சிட்டு, டம்ளரக் கவுத்தும் வச்சீங்க. ஒரு பொருளக் குடுத்தா வைக்கிற எடத்துல வைக்கிற ஆளுன்னு தெரிஞ்சுச்சு. அதான் குடுத்தேன். காவி முந்நூறு பேரும்தான் கட்டியிருந்தாங்க."

"கண்ணுல தண்ணி வந்துச்சே, அது..."

"கிராம்பு. நான் போட்ட கேசரிதான, எனக்குத் தெரியாதா?"

மாமா, நான் அங்கேயே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரமாக என் வேஷத்தைப் பார்த்து ஒருத்தி ஏமாந்துவிட்டாள் என்று தூக்கம் கெட்டிருந்தேன். அவள் புடவையையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. ஏமாந்தது நான் ஒருத்திதான். வெளித்தோற்றத்தை நம்புகிறவள் இல்லை என்று இருபது வருஷமாகப் பீற்றிக்கொண்ட நான், சார்லஸைச் சிலுவையின் அகலத்தை வைத்து அளந்தேன், அவளைப் பந்தலை வைத்து அளந்தேன். உங்களையும்தான். உங்கள் ஸ்கூட்டரில் ஒட்டியிருக்கிற எட்டு ஸ்டிக்கரையும், வீட்டுச் சொரூபத்தைச் சுற்றி ஓடுகிற கலர் பல்பையும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினாறு நாளும் கட்டில் கம்பியில் செபமாலையை மாட்டிவிட்டு, படுக்கைத் தட்டை நர்சுக்கு விடாமல் நீங்களே எடுத்துக் கழுவினீர்கள். அந்தச் செபமாலையும் அந்தத் தட்டும் ஒரே ஆளுடையது என்பதை எந்தப் பிரிவில் அடுக்குவது என்று இந்த நூலகருக்கு இதுவரை தெரியவில்லை.

ஆனால் இதையெல்லாம் மைக்கில் சொல்ல முடியாது. சாட்சி சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? காவி கட்டியபோது கேசரியும் மௌனமுமாக ஏய்த்தேன், நீலப் புடவையில் உண்மை சொன்னேன். நடந்தது மருத்துவக் காரணத்துக்காக, அது ஒன்றுதான் உறுதியாகச் சொல்லக்கூடியது. அதற்கு மனமாற்றம் என்று பெயர் வைப்பது உங்கள் கோயிலுக்கும் நல்லதல்ல, எனக்கும் நல்லதல்ல. ஆகவே பலகை, ஈரத்துணி. அத்தையின் காவிப் புடவையைத் துவைத்து இஸ்திரி போட்டு இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். கடலூர் பக்கம் வரும் இவருடைய நண்பர் கொண்டுவந்து தருவார்.

மற்றபடி நான் நன்றாகவே இருக்கிறேன். குதிகால் ஆறிவிட்டது, நூல் தானாகவே விழுந்துவிட்டது. இழுப்பறை அமைதியாக இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே. உங்கள் மூட்டுக்கும் அத்தையின் தொண்டைக்கும் நீங்கள் ஒட்டியிருக்கிற எட்டுப் புனிதர்களும் முறை வைத்துக் காவல் இருக்கட்டும். உங்கள் செபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், மெதுவாக, மைக் இல்லாமல்.

கீழ்ப்படிந்தும் படியாமலும் உங்கள்
ரேகா

பின்குறிப்பு (வியாழன்): கடிதத்தை ஒட்டுவதற்குள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வெறும் வயிற்றில் நூற்று எழுபத்தாறு. நடந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். நாற்பத்தைந்து கிலோமீட்டர் என்றேன். வழியில் என்ன சாப்பிட்டீர்கள் என்றார். கேசரி நாலு பந்தலில், சர்க்கரைப் பொங்கல் இரண்டில், பானகம் நினைவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆலப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்த அதிரசம் ஒரு டப்பா என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார். ஆகவே மேலே நான் உறுதியாகச் சொன்ன மருத்துவக் காரணம் இப்போது கைவசம் இல்லை.

நேற்று இளவரசி போன் செய்தாள். அக்கா எட்டாம் தேதி கோயிலில் பேசுகிறார்கள் என்று சார்லஸ் சொன்னாராம், வீட்டுக்காரருக்கு ஒரு நாள் லீவும் கிடைத்துவிட்டதாம், மூன்று பேரும் வருகிறார்கள், ஒற்றைக் கொலுசோடு. எனவே பலகையை அழிக்க வேண்டாம். 'மனமாற்றம்' என்பதை மட்டும் அழித்துவிட்டு வெறுமே என் பெயரை விடுங்கள். பத்து நிமிடம் முடியாது, மூன்று. அந்தப் படத்தைக் கழற்றுங்கள், அவளுக்குக் கிராம்பு விஷயம் தெரியும்.

பார்சலைப் பிரித்தால் உள்ளே புடவை இருக்காது, மீதி அதிரசம் இருக்கும். வீட்டை விட்டு வெளியேற்றச் சொல்லி டாக்டர் உத்தரவு. புடவை என்னிடமே இருக்கட்டும் என்று அத்தையிடம் சொல்லுங்கள். அடுத்த ஆகஸ்டில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் அது வேண்டியிருக்கும்.